ஊர் விடுமுறையின் கடைசி ஐந்து நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். பதினேழு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பள்ளி விடுமுறை விட்டதும் ஜூன் கடைசியில் கிளம்பி, ஆறு வாரம் போல ஊரில் இருந்துவிட்டு ஆகஸ்டில் திரும்புவது வழக்கம். முதல் சில பயணங்களில் கடைசி வாரம் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினேன். அந்த வாரங்களில் அப்பாவோடு சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் உட்கார்ந்ததாக நினைவே இல்லை. அதற்கப்புறம் திட்டத்தையே மாற்றிக்கொண்டோம்.

டிக்கெட் போடுகிற காலம் வந்தால் தோழிகளும் தங்கைமாரும் தம்பிமாரும் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

"கடைசி நாட்கள், கடைசி நாட்கள்னு சொல்றீங்களே அக்கா, எத்தனை நாள்?"

ஆறு வாரப் பயணத்துக்கு ஐந்து நாள். மூன்று வாரம்தான் லீவு என்றால் மூன்று நாள். அதற்கும் குறைந்தால் கிளம்புகிற பரபரப்பிலேயே கரைந்துவிடும். வீட்டு வாசலை விட்டு இறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து எண்ணினால், சென்னைக்குப் போகிற ராத்திரியும் அங்கே காத்திருக்கிற பகலும் அதற்குள் போய்விடும்.

அந்த ஐந்து நாளும் ஒரே வீடு, ஒரே படுக்கை. சாயங்காலம் கோயிலுக்குப் போகலாம், தெருமுனைக் கடைக்குப் போகலாம். பெட்டி தூக்கிக்கொண்டு போகிற இடம் எதுவும் வேண்டாம். கீழே "அந்த ஐந்து நாள்" என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

"போன உடனே ஒரு வாரம் அப்பா அம்மாகூட இருந்துட்டு, அப்புறம் சுத்தப் போனா ஆகாதா?"

முதல் வாரமும் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கடைசி வாரத்துக்கு ஈடாகாது. கோடையில் நியூ ஜெர்சிக்கும் நம் ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விளையாடுவார்கள், சாயங்காலம் நாலு மணிக்குத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவார்கள். உடம்பு நேரத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிவிடும். தண்ணீர் மாறியதில் யாராவது ஒருவருக்கு வயிறும் கெட்டிருக்கும்.

இன்னொன்று, முதல் வாரம் நாம் விருந்தாளி. வருகிறவர்களுக்கெல்லாம் காபி போட்டே அம்மாவுக்குப் பொழுது போய்விடும். நம்மிடம் பேசக்கூட நேரம் இருக்காது. ஐந்தாவது வாரத்தில்தான் "அந்தக் கொடியில கிடக்க துணியை எடுத்து மடிச்சு வை" என்று வேலை ஏவ ஆரம்பிப்பாள். பழையபடி மகளாக ஆகிவிட்டோம் என்பது அப்போதுதான் தெரியும். அது தெரிந்த பிறகு கிடைக்கிற நாட்களை வேறு எங்கேயும் செலவு செய்ய எனக்கு மனசு வருவதில்லை.

"குற்றாலம், கொடைக்கானல், ராமேஸ்வரம் எல்லாம் எப்போ வைக்கிறது?"

இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரத்துக்குள். குலதெய்வம் கோயிலும் அதற்குள்தான். ஜூலையில் சாரல் காலம் என்பதால், கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் "தண்ணி நல்லா விழுது, ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்" என்று சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் தண்ணீர் கூடிவிட்டால் மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். காத்திருந்து ஐந்தருவிக்குப் போய், அங்கேயும் கூட்டம் என்று திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். ஐந்து நாளில் ஒரு நாள் போய்விட்டது!

எங்கள் வீட்டில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா அந்த நாட்களில் வந்தால் கோமதியம்மனைப் பார்க்க எல்லோரும் சேர்ந்து போவோம். அம்மாவும் கூட வருகிற இடம் அது.

"பேங்க், பட்டா, பவர் எழுதுறது எல்லாம் கடைசியில பார்த்துக்கலாம்னு இருக்கேன். சரியா?"

சரியில்லை. அலுவலக வேலை எல்லாம் முதல் பத்து நாளில் தொடங்க வேண்டும். "அடுத்த திங்கக்கிழமை வாங்க" என்று சொன்னால் அந்தத் திங்கட்கிழமை நம் கையில் இருக்க வேண்டுமே. ஒரு வருடம் என் பெயரிலுள்ள நிலத்துக்குத் தம்பி பேரில் பொது அதிகாரப் பத்திரம் எழுதுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு காகிதம் குறைகிறது என்றார்கள். மூன்று நாள் அலைந்தும் முடியவில்லை. ஊரில் முடிக்காவிட்டால், திரும்பிப் போன பிறகு இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அவ்வளவு சுற்று.

பெற்றோரின் வங்கிக் கணக்கில் நாமினி பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும் முதல் பத்து நாள் வேலைதான். மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பரில் கொடுக்கும் ஆயுள் சான்றிதழை ஜீவன் பிரமாண் வழியாக, போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். அந்தச் செயலியை அவர்கள் போனில் போட்டுக் கொடுங்கள். எப்படிச் செய்வது என்று சொல்லித் தருவதை மட்டும் அந்த ஐந்து நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அது நிதானமாக உட்கார்ந்து செய்கிற வேலை.

"சொந்தக்காரங்க எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டுத்தான் கிளம்பணுமா?"

எல்லார் வீட்டுக்கும் முடியாது. மூன்று வகை வீடுகளை மட்டும் விடாதீர்கள்: எழுந்து வர முடியாத வயதானவர்கள் இருக்கும் வீடு, நீங்கள் ஊரில் இல்லாதபோது துக்கம் நடந்த வீடு, தாய்மாமா வீடு. இவற்றை மூன்றாவது வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மற்றவர்களிடம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் சொன்னால் போதும். நேரில் சொல்லவில்லையே என்று ஒரு பெரியம்மா வருத்தப்படுவார். அடுத்த தடவை முதல் வாரமே அவர் வீட்டுக்குப் போய்விடுங்கள், அந்த வருத்தம் தீர்ந்துவிடும்.

துக்கம் கேட்கப் போகும் வீட்டைக் கடைசியில் வைக்கவே கூடாது. பல வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் துக்கம் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லவும் கூடாது, பேசாமல் எழுந்து வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மகள் சின்ன வயதில் வழக்கம்போல எல்லோருக்கும் கையாட்டி "வர்றேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டாள். நல்லவேளை, அந்த ஆச்சி அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பெட்டி எப்போ கட்டுறது?"

மூன்று நாள் முன்னால் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தராசில் 22 கிலோவோடு நிறுத்துங்கள். துணி, புத்தகம், பாத்திரம் எல்லாவற்றையும் கட்டி மூடிவிட்டு, ஒரே ஒரு பெட்டியை மட்டும் திறந்து வையுங்கள். அது அம்மாவின் பெட்டி. அவள் இடிக்கிற பொடியும், காய வைக்கிற வற்றலும் அதில்தான் போகும்.

எதைக் கொண்டுபோக முடியாது என்று அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், செய்து முடித்த பிறகு சொல்லாதீர்கள். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை ஆகாது, எலுமிச்சை வகை மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் வரும் என்று தடுத்திருக்கிறார்கள். தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டுக்குப் பயந்து நம் ஊரிலிருந்து கையில் கொண்டுபோகும் அரிசியையும் விடுவதில்லை. பழம், கறி எதுவும் வேண்டாம். கொப்பரைத் தேங்காய், அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். கசகசா அமீரகம், சவுதி, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஆபத்து, ஒரு பொட்டலம்கூட வேண்டாம். ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பிடிப்பார்கள், அதனால் இறுக்கிக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். இறங்கிய இடத்தில் கேட்டால் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் மிஞ்சிப்போனால் எடுத்து வைத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

தாராளமாகப் போவது: சுண்டை வற்றல், மோர் மிளகாய், தோசைப்பொடி, கோவில்பட்டி கடலை மிட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நாள் தாங்காது. அதை அந்த ஐந்து நாளில் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவதுதான் முறை.

"அம்மா கொடுக்கிறதெல்லாம் அங்க நாலு தெரு தள்ளியே கிடைக்குது. வேண்டாம்னு சொல்லலாம்ல?"

நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் எல்லாம் கிடைக்கும், உண்மைதான். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் நாலு நாள் வெயிலில் காய வைத்து, காக்காய் விரட்டி, டப்பாவில் போட்டு, மேலே ஒரு துணியும் கட்டித் தருகிறாள். வாங்கிக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் ஒரு புடவையை எடுத்து வெளியே வையுங்கள்.

முடிந்தால் அந்த வேலையில் கூட உட்காருங்கள். மிளகாய்க் காம்பு கிள்ளும்போது அம்மா பேசுகிற பேச்சு, வா உட்கார் பேசலாம் என்று கூப்பிட்டால் வராது. தன் கல்யாணத்துக்கு முன்னால் நடந்த எத்தனையோ விஷயங்களை அம்மா முறத்தைப் பார்த்துக்கொண்டேதான் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"ஊர்ல இருந்து நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிரலாமா, இல்ல ஒரு நாள் முன்னாடியே சென்னைக்கு வந்துரணுமா?"

ஜூலை, ஆகஸ்டில் என்றால் நேராகவே போகலாம். சங்கரன்கோவிலில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை சென்னை. எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கினால் விமான நிலையம் பக்கம். திருநெல்வேலியிலிருந்து வந்தே பாரத் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, காலையில் ஏறினால் மதியம் சென்னை. நடுராத்திரிக்கு மேல் விமானம் என்றால் அது வசதி. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள் இருந்தது), அதனால் தேதியைக் குறித்து வைத்துத் திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

நவம்பர், டிசம்பர் பயணம் வேறு கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் மூடினார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் முன்பே சென்னை வந்துவிடுவது நல்லது. அதற்காக அந்த ஐந்து நாளில் ஒன்றை எடுக்காதீர்கள். சுற்றுலாவில் ஒரு நாளைக் குறையுங்கள்.

"அப்பாகூட உட்கார்ந்தா பேச ஒண்ணுமே இல்லை. பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் பேப்பரை எடுத்துடுறோம்."

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. எனக்கும் இருந்த சிக்கல்தான். நம் அப்பாக்கள் பலருக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசிப் பழக்கம் இல்லை. அவர் தினமும் போகிற இடத்துக்குக் கூடப் போங்கள். காலை ஆறு மணிக்கு டீக்கடை, அப்புறம் கிணற்றடி, ரேஷன் கடை, கண் ஆஸ்பத்திரி, எதுவானாலும் சரி. பக்கத்தில் நடக்கும்போது அவராகப் பேசுவார். நடுவில் பேச்சு நின்றால் நிற்கட்டும். அதை நிரப்ப வேண்டியதில்லை.

கேட்பதென்றால் குறிப்பாகக் கேளுங்கள். "எப்படி இருக்கீங்க" என்றால் "நல்லா இருக்கேன்", அவ்வளவுதான். "இந்தக் கிணறு எந்த வருஷம் வெட்டினது? யார் யார் வெட்ட வந்தாங்க?" என்று கேட்டேன். அப்பா முக்கால் மணி நேரம் பேசினார். பாறை வந்து வேட்டு வைத்தது, தாத்தா கடன் வாங்கியது, தண்ணீர் ஊறிய அன்று ஆச்சி பொங்கல் வைத்தது எல்லாம் அன்றுதான் எனக்குத் தெரியும். போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பழைய போட்டோக்களை எடுத்து, பின்பக்கம் பெயர் எழுதித் தரச் சொல்வதும் நல்ல வேலை. இரண்டு சாயங்காலம் பிடிக்கும்.

"பிள்ளைங்களுக்குத் தமிழ் சரியா வரலை. தாத்தா ஆச்சிகூட என்ன பண்ணுவாங்க?"

பேச்சு வேண்டாத வேலைகளைக் கொடுங்கள். தாயம், பல்லாங்குழி, பூக்கட்டுவது, மாவு ஆட்டும்போது தள்ளிவிடுவது. ஐந்து நாளில் தாயத்தில் எண்ணவும் சண்டை போடவும் வேண்டிய தமிழ் தானாக வந்துவிடும். நீங்கள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்காதீர்கள். நீங்கள் இருந்தால் இரண்டு பக்கமும் உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

"கடைசி நாட்கள் யார் வீட்டுல? என் வீட்டுலயா, அவங்க வீட்டுலயா? ஒவ்வொரு தடவையும் இதுல சண்டை."

ஒரு பயணத்துக்கு ஒரு வீடு, அடுத்த பயணத்துக்கு அடுத்த வீடு. டிக்கெட் போடும்போதே முடிவு செய்து இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். இரண்டரை நாள் இரண்டரை நாளாகப் பிரித்தால் யாருக்கும் கிடைக்காது. என் கணவருக்குக் கும்பகோணம். ஒரு தடவை பிரித்துப் பார்த்தோம், இரண்டு வீட்டிலும் பெட்டியைத் திறந்து மூடியதுதான் மிச்சம்.

மகன் வீட்டில் இருந்துதான் கிளம்ப வேண்டும், மருமகள் வீட்டில் இருந்து கிளம்பக் கூடாது என்று சில குடும்பங்களில் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கும் அதே வயதுதான் ஆகிறது. ஆனால் ஒரு பக்கத்தில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முறை பார்க்க வேண்டாம், அங்கே இருங்கள். முறை அடுத்த தடவை சரியாகிவிடும்.

"அப்பா அம்மா சென்னை வரைக்கும் வழியனுப்ப வர்றேங்கிறாங்க. கூட்டிட்டுப் போகலாமா?"

விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. வாசலில், ஹாரன் சத்தத்தில், டிராலியைத் தள்ளிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காக எழுபது வயதில் ஒரு ராத்திரி ரயிலும், திரும்பி வர இன்னொரு ராத்திரியுமா? வீட்டு வாசலிலேயே விடைபெறுங்கள். ஸ்டேஷன் வரை வந்தால் போதும். சென்னையில் அக்காவோ தம்பியோ இருந்து, அவர்கள் வீட்டில் பெற்றோர் அப்புறம் சில நாள் தங்குவதாக இருந்தால் மட்டும் கூட்டிப்போங்கள். தனியாகத் திரும்பி, பூட்டிய வீட்டைத் திறக்க வைக்காதீர்கள்.

"ராகு காலம், சூலம் பார்க்கணும்னு அம்மா சொல்றாங்க. ரயில் நேரம் நம்ம கையில இல்லையே?"

அதற்கு நம் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். செவ்வாய், புதன் வடக்கே சூலம். எங்களுக்குச் சென்னை வடக்கு. பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் சரி என்று தினசரிக் காலண்டரிலேயே பரிகாரம் போட்டிருக்கும். ராகு காலத்தில் கிளம்ப நேர்ந்தால் பரஸ்தானம் வைக்கலாம்: நல்ல நேரத்திலேயே ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துக்கொள்வது. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அம்மாவுக்காகச் செய்யுங்கள். நாம் போன பிறகு பயந்துகொண்டிருப்பது அவள்தான்.

"அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலை. இதுதான் கடைசியா பார்க்கிறதோன்னு தோணுது. எப்படிக் கிளம்புறது?"

டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்று முதலில் பாருங்கள். மாற்றுவதற்கான கட்டணம் எவ்வளவு, அலுவலகத்தில் எத்தனை நாள் கிடைக்கும் என்று நிஜமாகவே கேட்டுப் பாருங்கள். கேட்காமலே முடியாது என்று விட்டுவிடாதீர்கள். முடியாது என்றால், அந்த ஐந்து நாளில் வேறு யாரையும் வரச் சொல்லாதீர்கள். மருந்துச் சீட்டு, டாக்டர் எண், பக்கத்து வீட்டில் ஒரு சாவி, ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற ஆட்டோக்காரர் எண், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம் பேச்சு குழறிவிட்டது. மேலே சொன்ன கிணற்றுப் பேச்சு அதற்கு முந்தைய பயணத்தில் நடந்தது. அந்த ஐந்து நாளும் காலையில் பேப்பர் வாசித்துக் காட்டினேன், நகம் வெட்டிவிட்டேன், மத்தியானம் அவர் தூங்கும்போது அதே அறையில் தரையில் படுத்துக்கொண்டேன். "நான் நல்லா இருக்கேன்பா, நீங்க படிக்க வச்சதாலதான்" என்று ஒரு நாள் சொன்னேன். கையை அழுத்தினார். தை மாதம் போய்விட்டார். என்னால் முகம் பார்க்க வந்து சேர முடியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய ஆறுதல். அதனால் உங்களிடமும் சொல்கிறேன். வாசலில் வைத்துச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், அங்கே தொண்டை அடைத்துவிடும். இரண்டு நாள் முன்னால், தனியாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள்.

"கிளம்புற நேரத்துல எல்லாரும் அழுவாங்களே, பிள்ளைங்க பயந்துடுறாங்க."

அழட்டும். பெரியவர்கள் விபூதி பூசிவிட்டு அழுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம், தப்பில்லை. முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அதுபோதும். கார் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டிகளை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டு, மிச்ச நேரம் எல்லோரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பூட்டு எங்கே, பாஸ்போர்ட் எங்கே என்று தேடிக்கொண்டே விடைபெறுவது மட்டும் வேண்டாம்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினா போதும்ல?"

சென்னையில் குடியேற்றச் சோதனை முடிந்ததும் ஒன்று, விமானம் மாறும் ஊரில் ஒன்று, இறங்கியதும் ஒன்று. காலை எட்டு மணிக்கு இறங்கினால் ஊரில் சாயங்காலம் ஐந்தரை, அதுவரை போனைக் கையிலேயே வைத்திருப்பார்கள். ஆனால் முக்கியமான போன் அதற்கு அடுத்த நாள் பேசுகிறது. நாம் படுத்த போர்வைகளைத் துவைத்து, பாய்களைச் சுருட்டி மேலே வைத்துவிட்டு, இரண்டே பேருக்கு உலை வைக்கிற நாள் அதுதான். நமக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும், வேலைக்கு வேறு போக வேண்டும். இருந்தாலும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பெட்டியைத் திறந்தாச்சு, வற்றல் உடையாமல் வந்திருக்கிறது, தோசைப்பொடியைப் பிள்ளைகள் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.